இடஞ்சுழி

வார இறுதித் தமிழ்ப் பள்ளியொன்றின் தலைமையாசிரியனுக்குச் சனிக்கிழமை நண்பகலைவிட இனிய பொழுது வேறில்லை. கடைசி வகுப்பும் கலைந்து, வருகைப் பதிவேட்டை அலமாரியில் வைத்துப் பூட்டியபின், புக்கிட் மேரா வட்டாரத்து அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளங்கள் வழியாகவே வீட்டுக்கு நடப்பது என் வழக்கம். வெயிலும் மழையும் படாத வழி அது. கல் மேசையில் சதுரங்கம் ஆடும் சீன முதியவர்கள், மாலையில் நடைபெறவிருக்கும் மலாய்த் திருமணத்துக்கு நாற்காலி அடுக்குவோர், மிதிவண்டியைத் தூணோடு சேர்த்துப் பூட்டும் சிறுவர்கள் ஆகிய எல்லாரையும் அவ்வழியில் காணலாம். சென்ற ஆண்டின் இறுதியில், அத்தகைய ஒரு நண்பகலில், தூணோரம் குந்தியிருந்த ஆறேழு சிறுவர்களின் நடுவிலிருந்து 'கிர்ர்' என்று ஓர் ஒலியும், அதனைத் தொடர்ந்து எதுவோ எதனோடோ மோதும் சடசடப்பும் கேட்டன. நின்றுவிட்டேன்.

அவர்களுள் எங்கள் பள்ளி மாணவன் ஒருவனும் இருந்தான். தொடக்கநிலை நான்கில் படிப்பவன். வகுப்பில் எந்த வினாவுக்கும் ஒரே சொல்லில் விடை கூறி அமர்ந்துவிடுபவன். அவ்வொரு சொல்லும் பெரும்பாலும் 'தெரியாது' என்பதே. என்னைக் கண்டதும் கையிலிருந்ததைச் சட்டைக்குள் மறைத்தான். தலைமையாசிரியரைக் கண்டால் மறைக்க வேண்டாத பொருளையும் மறைப்பது மாணவர் இயல்பு; நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு செய்தவர்களே. "மறைக்காதே தம்பி, காட்டு" என்று சொல்லிவிட்டு அருகிலிருந்த கல் இருக்கையில் அமர்ந்தேன். சட்டைக்குள்ளிருந்து வெளியே வந்தது ஒரு பம்பரம்.

பம்பரம் என்று நான் சொன்னதை அவன் ஏற்கவில்லை. "இது பேபிளேடு, ஐயா" என்று என்னைத் திருத்தினான். அதன்பின் ஏறத்தாழ இருபது நிமிடம் அவன் பேசிக்கொண்டே இருந்தான். ஆங்கிலச் சொற்கள் இடையிடையே விழுந்தன என்பது உண்மையே. ஆயினும் வாக்கியங்களை முடித்தவை தமிழ் வினைகள். 'சுத்தும், அடிக்கும், சாயும், தள்ளிவிடும், தாங்கும்' என்று வரிசையாக வந்த அவ்வினைகளைக் கேட்டு, இத்தனை மாதங்களாக இவனிடம் நாம் கேட்ட வினாக்களே தவறானவை போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

அவன் சொன்னவற்றோடு பின்னர் நான் படித்தறிந்தவற்றையும் சேர்த்துக் கூறுகிறேன். ஜப்பானில் 'பெய்கோமா' என்றொரு பழைய ஆட்டம் உண்டு. வாளியின் வாயில் தடித்த துணியை விரித்துக் கட்டி, கயிறு சுற்றிய சிறு இரும்புப் பம்பரங்களை அதன்மேல் வீசி, ஒன்று மற்றொன்றை வெளியே தள்ளச் செய்வார்கள். அவ்வாட்டத்தைத் தழுவித் தக்காரா என்னும் ஜப்பானிய நிறுவனம் 1999-இல் வெளியிட்டதே பேபிளேடு. 2023-இல் அதன் புதிய வரிசை ஒன்று வந்தது. இன்று நம் பிள்ளைகள் கையில் இருப்பது அதுவே. கயிறு இல்லை; சாட்டையும் இல்லை. 'லாஞ்சர்' என்னும் கைப்பிடியில் பம்பரத்தை மாட்டி, இழுவையை ஒரே வீச்சில் இழுத்தால், கிண்ணம் போன்ற பிளாஸ்டிக் அரங்கினுள் பாய்ந்து சுழல்கிறது. மேலே உலோகத் தகடு, நடுவே ஓர் இணைப்பு, கீழே நுனி என்று மூன்று உறுப்புகள். மூன்றையும் கழற்றி மாற்றி இணைக்கலாம். இணைப்பின்மேல் '3-60' என்பதுபோல் எண்கள் உள்ளன. முதல் எண் அதன் முனைப்புகளின் தொகை. 60 என்பது ஆறு மில்லிமீட்டர் உயரம். ஒன்பது வயதுச் சிறுவன் மில்லிமீட்டர்க் கணக்கில் பேசுவதைக் கேட்டு, அவனுடைய கணித ஆசிரியருக்கு இது தெரியுமோ என்று வியந்தேன்.

ஆட்டத்தின் உயிர் நுனியில் இருக்கிறது. தட்டையான நுனி தரையை அகலமாகப் பற்றுவதால், பம்பரம் ஓரிடத்தில் நில்லாமல் அரங்கின் விளிம்போடு சீறி ஓடும். எதிரியைத் தாக்குவதற்கு ஏற்றது. ஆனால் அந்த ஓட்டத்திலேயே தன் சுழற்சியைச் செலவழித்துவிடும். முதற் சில நொடிகளுக்குள் வென்றால் உண்டு, இல்லையேல் தோல்வி. ஊசி போன்ற நுனி நடுவிலே நின்று நெடுநேரம் சுழலும். ஓர் அடி பலமாக விழுந்தால் நிலைகுலையும். உருண்டை நுனி அடியைத் தாங்கி ஆடி அசைந்து மீண்டும் நடுவுக்கு வரும். எடை விளிம்பில் இருந்தால் சுழற்சி நீடிக்கும். உயரம் குறைந்தால் சாய்வது குறையும். எதிராளியின் பம்பரம் நின்றபின்னும் நம்முடையது சுழன்றால் ஒரு புள்ளி. அதனை அரங்கின் ஓரக் குழியில் தள்ளினாலோ அடித்து உறுப்பு உறுப்பாகச் சிதறச் செய்தாலோ இரண்டு. அரங்கின் ஓரத்துப் பற்சட்டத்தைப் பற்றி வேகமெடுத்து எதிரியை நடுவாயில் வழியே வீழ்த்தினால் மூன்று. முதலில் நான்கு புள்ளி எடுத்தவனே வென்றவன். போட்டிகளில் மூன்று பம்பரங்களை முன்கூட்டியே வரிசைப்படுத்திக்கொண்டு வரவேண்டும். ஒன்றில் உள்ள உறுப்பு மற்றொன்றில் இருத்தல் கூடாது. எதிராளி எதனை முதலில் இறக்குவான் என்று தெரியாது. தாக்குவதை முதலில் விட்டுத் துணிவதா, தாங்குவதை விட்டு அவன் வலிமையை அளப்பதா என்பதிலே வெற்றி பாதி முடிந்துவிடுகிறது. இதனை வெறும் விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குவோர், பத்து நிமிடம் அச்சிறுவர்களின் அருகே அமர்ந்து பார்க்கட்டும்.

இறுதியாக, பெட்டியின் அடியிலிருந்து ஒன்றை மிக்க மரியாதையோடு எடுத்தான். 'கோபால்ட் டிராகூன்' என்று அதற்குப் பெயராம், 2024-இல் வந்தது.

"இது மட்டும் லெப்ட் ஸ்பின், ஐயா. எல்லாம் ஒரு பக்கம் சுத்தும். இது திருப்பிச் சுத்தும். இதுக்கு லாஞ்சர்கூட வேற."

"அதற்குத் தமிழில் இடஞ்சுழி என்று பெயர். மற்றவை வலஞ்சுழி" என்றேன். கும்பகோணத்தை அடுத்துத் திருவலஞ்சுழி என்றோர் ஊர் இருப்பதையும், காவிரி வலமாகச் சுழித்த இடம் என்று அதற்குப் பொருள் சொல்வதையும் கூறத் தொடங்கினேன். தமிழாசிரியனின் வாய் சும்மா இருப்பதில்லை. அவன் ஊரைப்பற்றி அக்கறை கொள்ளவில்லை. "இடஞ்சுழி, இடஞ்சுழி" என்று இருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, "மூணு சுழி 'ண' சொல்லுவாங்களே, அந்தச் சுழியா, ஐயா?" என்று கேட்டான்.

"அதே சுழிதான்" என்றேன்.

அவன் லாஞ்சரை எடுத்து இழுத்தான். அப்போதுதான் கவனித்தேன்: அவன் இழுத்தது இடக்கையால். வகுப்பிலும் அவன் இடக்கையாலே எழுதுபவன் என்பது எனக்குத் தெரியும். பள்ளியில் சேரும்போதே அதனைக் குறித்து வைத்திருக்கிறேன். குறித்து வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

1977-இல் எனக்கு ஒன்பது வயது. அதே புக்கிட் மேரா. நாங்கள் ஐந்தாம் மாடியில் இருந்தோம். என் தந்தையார் துறைமுகப் பண்டகசாலை ஒன்றில் பணிபுரிந்தார். எனக்கு ஒரு தோழன் இருந்தான். ஒரே வகுப்பு, ஒரே கட்டடம். அவன் வீடு இரண்டாம் மாடி. 1961 மே 25-இல் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட பெருந்தீயில் சுமார் 16,000 பேர் வீடிழந்தார்களே, அவர்களுள் அவனுடைய பெற்றோரும் இருந்தனர். அடுக்குமாடி வீடு கிடைத்தபின் பிறந்தவன் அவன். பெயரைச் சொல்வது முறையன்று. தோழன் என்றே குறிப்பிடுகிறேன்.

எங்களுக்குப் பம்பரம் மாமா கடையில் கிடைத்தது. சிராங்கூன் சாலைக்குப் போகும் நாட்களில் இன்னும் நல்லது கிடைக்கும். கட்டடத்தின் கீழ்த்தளத்துச் சிமெண்டுத் தரையில் ஆணி வழுக்கும். ஆகையால் திடலோரத்துச் செம்மண்ணே எங்கள் களம். கடையில் வாங்கிய பம்பரத்தின் ஆணியை அப்படியே வைத்துக்கொள்பவன் கோழை என்பது எங்கள் கொள்கை. நடைபாதை விளிம்பில் தேய்த்துக் கூராக்குவோம். துணிந்தவர்கள் நீண்ட ஆணியைத் தண்டவாளத்தின்மேல் வைத்து, தஞ்சோங் பகார் செல்லும் ரயில் ஏறித் தட்டையாக்கியபின் எடுத்துவந்து பொருத்துவார்கள். அந்த ரயில் 2011-இல் நின்றுவிட்டது. அதை எழுதும்போது, என் மாணவர் எவரும் அவ்வாறு செய்ய இயலாது என்னும் ஆறுதலும் எனக்கு உண்டு.

தமிழ்ப் பிள்ளைகளின் ஆட்டத்தை நீங்கள் அறிவீர்கள். வட்டம் போட்டு, எல்லாரும் ஒரே நேரத்தில் பம்பரத்தை விட்டு, சுழலும் பம்பரத்தைச் சாட்டையால் மேலே தூக்கிக் கையில் பிடிக்க வேண்டும். இதற்கு 'அபீட்' என்று பெயர். கடைசியில் பிடித்தவன் தன் பம்பரத்தை வட்டத்துக்குள் வைத்துவிட்டு வாளா நிற்க வேண்டியதுதான். மற்றவர்கள் தம் பம்பரத்தின் ஆணியால் அதனைக் குத்தி வெளியேற்றுவார்கள். குத்து விழுந்த தழும்புக்கு 'ஆக்கர்'. எத்தனை ஆக்கர் என்பதைக் கொண்டு ஒருவனுடைய வரலாற்றையே சொல்லிவிடலாம்.

ஏழாம் மாடியிலிருந்த மலாய் அண்ணன் ஒருவர் எங்களுக்கு வேறோர் ஆட்டத்தைக் கற்பித்தார். மலாய்க்காரர் பம்பரத்தைக் 'காசிங்' என்பர். ஒரு கட்சி பம்பரத்தைச் சுழலவிட்டுக் காத்திருக்கும். மறு கட்சி தன் பம்பரத்தை அதன்மேல் வீசி அடிக்கும். அடிபட்டபின் எது நெடுநேரம் சுழல்கிறதோ அதற்கே வெற்றி. பல ஆண்டுகளுக்குப் பின், பள்ளி விடுமுறையில் கிளந்தான் சென்றபோது, கோத்தா பாருவில் அதன் முழு வடிவத்தையும் கண்டேன். அங்குச் சுழற்சிக்கென்றே ஒருவகைக் காசிங் உண்டு. விளிம்பில் ஈயம் வார்த்த, ஐந்து கிலோ எடையுள்ள வட்டு அது. உடல் முழுவதும் திரும்ப ஓங்கி வீசி, தரையில் சுழலும்போதே மெல்லிய மரத்தட்டால் அள்ளி, ஒரு சிறு கம்பத்தின் தலையில் வைத்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேலும், சில வேளை இரண்டு மணி நேரம்வரையும், அது அசைவற்றதுபோல் நின்று சுழல்கிறது. பம்பரம் தூங்குகிறது என்று நாங்கள் சிறுவயதில் சொல்வோமே, அந்தத் தூக்கத்தை அங்கேதான் கண்டேன். எங்கள் செம்மண் திடலில் ஒரு நிமிடம் தூங்கினாலே பெருமை.

அந்த மலாய் ஆட்டத்தில் என் தோழனை எவராலும் வெல்ல முடியவில்லை. அவனுடைய பம்பரம் அழகானதன்று. கொய்யாக் கட்டையில் செய்த குள்ளமான, அகன்ற, நிறம் பூசாத பம்பரம். அவன் அதனைச் சுழலவிட்டுவிட்டு ஒதுங்கி நிற்பான். நாங்கள் ஒருவர்பின் ஒருவராக வீசி அடிப்போம். எங்களுக்குள் அடித்தால் இரு பம்பரங்களும் வெடித்ததுபோல் விலகிப் பறக்கும். அவனுடைய பம்பரத்தை அடித்தால் மட்டும் எங்கள் பம்பரம் 'சர்ரென்று' உரசி வழுக்கும். ஓய்ந்து தலையாட்டத் தொடங்கிய அவன் பம்பரம், அடி வாங்கியதும் நிமிர்ந்து மீண்டும் சுழலும். நாங்கள் அடிக்க அடிக்க அது உயிர் பெற்றது. அவனுடைய பாட்டி மந்திரித்துக் கொடுத்த கயிறு என்று ஒருவன் சொன்னான், நாங்கள் நம்பினோம்.

மந்திரம் ஒன்றுமில்லை. அவன் இடக்கையன். இடக்கையால் சுற்றி இடக்கையால் வீசியதால், அவன் பம்பரம் எங்களுடையவற்றுக்கு எதிர்ப்பக்கமாகச் சுழன்றது. ஒரே பக்கம் சுழலும் இரண்டு பம்பரங்கள் பக்கவாட்டில் தொடும்போது, தொடும் இடத்தில் அவற்றின் விளிம்புகள் எதிரெதிராகப் பாய்கின்றன. ஆகவே மோதல் கடுமையாகிறது. எதிரெதிர்ப் பக்கம் சுழன்றாலோ, தொடும் இடத்தில் இரு விளிம்புகளும் ஒரே திசையில் செல்கின்றன. பற்சக்கரங்கள் இரண்டு ஒன்றையொன்று சுழற்றுவதுபோல், விரைவாகச் சுழல்வது மெதுவாகச் சுழல்வதற்குத் தன் வேகத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிடுகிறது. எங்கள் வேகத்தை எங்கள் கையாலேயே அவனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். வேகம் சமமானபின், அகலமும் குள்ளமும் உடைய அவன் பம்பரமே நிலைக்கும். அவன் அதனை அறிந்திருந்தான். காரணம் அறியாவிடினும் பயனை அறிந்திருந்தான். அதனால்தான் எப்போதும் முதலில் சுழலவிடும் கட்சியையே கேட்டு வாங்குவான். இந்த விளக்கம் எனக்குக் கிடைத்ததோ சென்ற ஆண்டில், கீழ்த்தளத்துக் கல் இருக்கையில்!

இனி என் பகுதிக்கு வருகிறேன். என் தந்தையார் ஊருக்குச் சென்று திரும்பியபோது எனக்கு ஒரு பம்பரம் வாங்கிவந்தார். கடைசல் பிடித்து, சிவப்பும் பச்சையுமாக அரக்குச் சாயமேற்றிய பம்பரம். அதனை நான் ஒரு வாரம் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினேன். பிறகு ஆடாமல் இருக்க இயலவில்லை. முதல்நாளே வட்ட ஆட்டத்தில் என் அபீட் தவறியது. அரக்குப் பம்பரத்தை வட்டத்தில் வைத்தேன். தோழனின் முறை வந்தது. அவன் என்னைப் பார்த்தான், "வேறு பம்பரம் வைக்கிறாயா?" என்று கேட்டான். நான் வீறாப்பாக மறுத்தேன். மூன்றாவது குத்தில் அது இரண்டாகப் பிளந்தது.

கொய்யா போன்ற மரம் ஆணியைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். குத்தியவனின் பம்பரமே அதில் மாட்டி நின்றுவிடுவதும் உண்டு. காய்ந்து இறுகிய மரம் பிளக்கும். இந்த உண்மையை எங்கள் வட்டாரத்துக் கதையே சொல்கிறது. சிங்கப்பூரின் கரையை வாள்மீன்கள் பாய்ந்து தாக்கியபோது, மன்னன் தன் வீரர்களின் கால்களையே அரணாக நிறுத்தினானாம், பலர் மாண்டனர். ஒரு சிறுவன், வாழைத்தண்டுகளை நட்டு அரண் அமையுங்கள் என்றான். மீன்களின் மூக்குகள் வாழைத்தண்டில் குத்தி மாட்டிக்கொண்டன. இத்துணை அறிவுள்ளவன் வளர்ந்தால் அரசுக்கு ஆபத்து என்று அச்சிறுவனை மன்னன் கொல்வித்தான். அவன் குருதியால் சிவந்ததே இச்செங்குன்றம், புக்கிட் மேரா என்பர். மலாய் வரலாற்று நூலாகிய 'செஜாரா மெலாயு'விலும் வாள்மீன் கதையும் சிறுவன் கொலையுண்டதும் உள்ளன. எங்கள் வகுப்பில் அக்கதையைச் சொன்னபோது, வாழைத்தண்டுக்காகக் கைதட்டினோம்.

பம்பரம் பிளந்த மறுவாரம் தமிழ்ப்பாட வேளையில் அது நடந்தது. எங்கள் ஆசிரியர் இடக்கையால் எழுதுவதை அனுமதிப்பதில்லை. அவர் கொடியவரல்லர். அக்காலத்தில் பல ஆசிரியர்கள், பெற்றோர்கள் கொண்டிருந்த எண்ணம் அது. சோற்றுக்கை ஒன்று, நொட்டாங்கை ஒன்று என்று கைகளுக்கே சாதி வகுத்தவர்கள் நாம். ஆகவே தோழன் வகுப்பில் வலக்கையால் எழுதுவான். எழுத்துகள் கோழி கிளறியதுபோல் இருக்கும். வீட்டுப்பாடத்தை வீட்டிலே இடக்கையால் எழுதுவான். எழுத்துகள் முத்து முத்தாக இருக்கும். மூன்று சுழி 'ண'வின் மூன்று சுழிகளும் அளந்து வைத்தாற்போல் நிற்கும். ஆசிரியர் இரண்டு ஏடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டார்.

"வீட்டுப்பாடத்தை யார் எழுதியது? உன் அக்காவா?"

"நான்தான், சார்."

"பொய் சொல்லாதே."

அவன் பேசவில்லை. உண்மையைச் சொன்னால் ஒரு தண்டனை, சொல்லாவிட்டால் மற்றொரு தண்டனை. நான் கையை உயர்த்தினேன்.

"சார், அவன்தான் எழுதினான். வீட்டில் இடது கையால் எழுதுகிறான்."

உதவுபவனைப் போன்ற குரலில் சொன்னேன். அது உதவியன்று என்பது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆசிரியருக்கு மட்டும் தெரியவில்லை. "உண்மை பேசுபவன்" என்று என்னைப் பாராட்டினார். தோழனின் இடக்கை விரல் கணுக்களில் அடிமட்டம் விழுந்தது. எத்தனை முறை என்று எண்ணவில்லை என எழுதவே விரும்புகிறேன், ஆறு முறை. பிறகு அந்த ஏடு முழுவதையும் வலக்கையால் மீண்டும் எழுதி வருமாறு பணித்து, அவனுடைய தந்தையாருக்கும் சொல்லியனுப்பினார்.

அதன்பின் ஒருநாள் அவன் திடலுக்கு வந்தான். வலக்கையில் சாட்டையைச் சுற்றிக்கொண்டு வீசினான். கொய்யாப் பம்பரம் படுத்துக்கொண்டு உருண்டது. மறுபடி வீசினான், மறுபடியும் உருண்டது. எவரும் சிரிக்கவில்லை. அவன் பம்பரத்தைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறிப் போனான். பிறகு ஆட வரவில்லை. என்னோடு சண்டையிடவும் இல்லை. நான் எதிர்பார்த்த வசைச்சொல் ஒன்றைக்கூட அவன் என்மேல் எறியவில்லை. 1979-இல் அவர்கள் அங் மோ கியோவின் புதிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தனர். சாமான் ஏற்றிய லாரியின் பின்புறத்தில் மெத்தைகளின்மேல் அமர்ந்திருந்தவன், வண்டி திரும்பும்போது என்னை நோக்கிக் கையசைத்தான். வலக்கையை அசைத்தான்.

பல ஆண்டுகள் கழித்து ஆசிரியப் பயிற்சி பெற்றபோது, கையெழுத்து கற்பித்தல் பற்றிய ஒரு விரிவுரையில், இடக்கைப் பிள்ளைகளைப் பற்றிச் சிறிது நேரம் பேசப்பட்டது. பத்தில் ஒருவர் அவ்வாறு இருப்பர். மாற்ற முயலாதீர்கள் என்றார் விரிவுரையாளர். மேலும் கூறினார்: அவர்களை இருவர் அமரும் மேசையின் இடப்பக்கத்தில் அமர்த்துங்கள், இல்லையேல் முழங்கைகள் முட்டிக்கொள்ளும். தாளின் தலைப்பு வலப்பக்கம் சாயுமாறு வைக்கச் சொல்லுங்கள், எழுதுகோலைச் சற்று மேலே பிடித்தால், எழுதியதைக் கையே மறைக்காது, மையும் கலையாது. என் உடன் பயின்றோர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தனர். நான் பின்வரிசையில் முகம் சுடச்சுட அமர்ந்திருந்தேன். அந்தக் குறிப்பேட்டின் அப்பக்கம் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது. ஆனால் ஒரு சொல்லும் மறக்கவில்லை.

ஆசிரியத் தோழர்களுக்கு என் அனுபவத்தில் கண்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நாம் கரும்பலகையில் சுழியை எழுதிக் காட்டும்போது, வலக்கையின் இயல்பான ஓட்டத்திலே எழுதிக் காட்டுகிறோம். இடக்கைப் பிள்ளைகளில் சிலர் அதே சுழியை எதிர்ப்பக்கமாகத் தொடங்குகிறார்கள். எழுத்து முடிந்தபின் பார்த்தால் வேறுபாடு தெரிவதில்லை. எழுதும்போது பார்த்தால்தான் தெரியும். பார்த்தவுடன் நம் கை திருத்தத் துடிக்கும். எனக்கும் துடித்ததுண்டு. எங்கள் பள்ளியின் சேர்க்கைப் படிவத்தில் 'எழுதும் கை' என்றொரு கட்டம் சேர்த்திருக்கிறேன். எதற்கு என்று பெற்றோர் சிலர் கேட்பர். மேசை ஒதுக்குவதற்கு என்பேன், அது பொய்யன்று.

தோழனை நான் தேடவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். தேடினேன் என்று சொல்லத்தக்க அளவுக்குத் தேடவில்லை. இந்தச் சிறிய தீவில் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒருவரையொருவர் காணாதிருப்பது எளிதன்று. அதற்கும் ஒரு முயற்சி வேண்டும். அம்முயற்சி என்னுடையதாகவும் இருந்திருக்கலாம்.

கீழ்த்தளத்துக்குத் திரும்புவோம். இடஞ்சுழிப் பம்பரம் அரங்கில் இறங்கியது. எதிரில் இருந்த சீனச் சிறுவன் தட்டை நுனிப் பம்பரத்தை விட்டான். அது விளிம்போடு சீறி வந்து மோதியது. நான் அறியாமலே முன்னால் குனிந்தேன். அதே ஒலி. வெடிப்பு இல்லை, உரசல். நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் செம்மண்ணில் கேட்ட 'சர்ர்' என்னும் அதே ஒலி பிளாஸ்டிக் கிண்ணத்தில் கேட்டது. தாக்கியது வேகம் இழந்து தள்ளாடியது. இடஞ்சுழி நடுவிலே நிமிர்ந்து நின்றது. "பாத்தீங்களா, ஐயா? அவனோட ஸ்பின்ன எடுத்துக்கிச்சு" என்றான் என் மாணவன். அந்த வேகம் எவ்வாறு கைமாறுகிறது என்பதைத் தன் இரு உள்ளங்கைகளையும் உரசிக் காட்டி எனக்கு விளக்கினான். மேலே நான் எழுதிய பற்சக்கர விளக்கத்தின் மூலம் அதுதான்.

எப்போதும் அதுவே வெல்லும் என்றும் எண்ணவேண்டா. அடுத்த சுற்றில் மற்றொரு சிறுவன் தடித்த உருண்டை நுனியை இறக்கி, ஒரே தள்ளில் டிராகூனை ஓரக் குழியில் வீழ்த்தினான். என் மாணவன் சலிக்கவில்லை. நுனியைக் கழற்றி வேறொன்றை மாட்டினான். மாட்டும்போது நாக்கை இலேசாகக் கடித்துக்கொண்டான். வகுப்பில் 'ண' எழுதும்போதும் அவ்வாறே கடித்துக்கொள்வான் என்பது நினைவுக்கு வந்தது.

"நீங்க ஒரு தடவை விடுங்க, ஐயா" என்று லாஞ்சரை நீட்டினான். மற்றச் சிறுவர்கள் கொல்லென்று சிரித்து இடம்விட்டனர். நான் குடையைத் தூணில் சாத்திவிட்டு எழுந்தேன். கைப்பிடியை எந்தக் கையில் பிடிப்பது, எந்தக் கையால் இழுப்பது என்று ஒரு கணம் தடுமாறினேன்.

"எந்தக் கையா இருந்தாலும் பரவாயில்ல, ஐயா. அது பாட்டுக்குச் சுத்தும்."

இடக்கையால் இழுத்தேன். பழக்கமில்லாத கை, லாஞ்சர் சாய்ந்தது. டிராகூன் அரங்கின் நடுவில் விழாமல் ஓரத்தில் ஏறி, ஒருமுறை சுற்றி, தானாகவே குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டது.

"உங்களுக்கு அவுட், ஐயா. அவனுக்கு ரெண்டு பாயிண்டு" என்றான் என் மாணவன், மதிப்பெண் ஏட்டில் குறிக்கும் ஆசிரியனின் குரலில்.